திரும்பி வருவதற்கான விதிகள்

விண்கப்பல் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதுவது என் தொழில். சிறுசேரி ஐ.டி. பூங்காவை ஒட்டிய ஒரு சின்ன அலுவலகம். எந்தக் கப்பல் எவ்வளவு சீக்கிரம் திரும்பலாம், எந்தக் கவசம் எத்தனை அடி தாங்கும், எந்த ஏவுகணை எப்போது குறி தவறும் என்று தாள் தாளாக எழுதி, ஆடிப் பார்த்து, அடித்துத் திருத்தி, அதன் பிறகே நிரல் எழுதுகிறவர்களிடம் கொடுப்போம். முதல் ஆட்டம் எப்போதும் காகிதத்தில்தான். அறுகோணக் கட்டம் அச்சடித்த தாளை மேசையில் விரிப்போம். கேரம் காய்கள் கப்பல்கள், சட்டைப் பொத்தான்கள் ஃபைட்டர்கள் என்கிற சின்னச் சண்டைக் கலங்கள்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தாய்க்கப்பலிலிருந்து ஃபைட்டர்களைக் கிளப்புவதும் திரும்ப ஏற்றிக்கொள்வதும். அதிலும் திரும்ப ஏற்றிக்கொள்வது. பெரும்பாலான விளையாட்டுகளில் அது ஒரு பொத்தானோடு முடிந்துவிடுகிறது. அழுத்தினால் ஃபைட்டர்கள் ஒளிக்கோடாய்ப் பறந்து வந்து கப்பலின் வயிற்றுக்குள் மறைந்துவிடும். தாய்க்கப்பல் ஆட்டத்தின் உயிரே அந்த இடத்தில் இருக்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. அதைப் பொத்தானாக்கிவிட்டால் ஃபைட்டர் என்பது கொஞ்சம் மெதுவாகப் போகிற குண்டு, அவ்வளவுதான்.

விளையாட வருகிறவர்களும் அந்தப் பழக்கத்தோடுதான் வருகிறார்கள். 2022-ல் மாமல்லபுரம் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது எங்கள் அலுவலகமே அந்தப் பேச்சாக இருந்தது. அப்போது ஒன்று உறைத்தது. சதுரங்கத்தில் சிப்பாய் பின்னால் வராது. முன்னால் தள்ளிய காய் செலவான காய். அப்படி ஆடிப் பழகிய கை, ஃபைட்டர் பொத்தானையும் முன்னால் தள்ளிவிட்டு மறந்துவிடும். அந்தக் கையைத் தடுத்து நிறுத்தி, “இவர்களை எப்படித் திரும்பக் கூட்டி வரப்போகிறாய்?” என்று கேட்க வைப்பதுதான் விதி எழுதுகிறவனின் வேலை.

விண்வெளி ஃபைட்டர் பிறந்த கதையைப் பார்த்தால் இந்தக் குறை எங்கிருந்து வந்தது என்று புரியும். 1977-ல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைக் காட்சிகளை வெட்டி ஒட்டி மாதிரி தயாரித்தார். அதைப் பார்த்துத்தான் விண்சண்டைகளை அமைத்தார்கள். காற்றே இல்லாத இடத்தில் ஃபைட்டர்கள் இறக்கையைச் சாய்த்துத் திரும்புவது அதனால்தான். அந்தப் போரிலிருந்து வானத்தில் நடந்ததை எடுத்துக்கொண்டார்கள். விமானந்தாங்கிக் கப்பல்களின் தளத்தில் நடந்தது விட்டுப்போயிற்று.

தளத்தில் என்ன நடந்தது? 1944 ஜூன் 20, பிலிப்பைன்ஸ் கடல். ஜப்பானியக் கடற்படை எங்கே இருக்கிறது என்று அமெரிக்கர்களுக்குத் தெரிய வந்தபோது மாலையாகிவிட்டது. தூரமும் அதிகம். அட்மிரல் மிட்சர் இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களை அனுப்பினார். போய் அடித்தார்கள், திரும்பினார்கள். திரும்பும்போது இருட்டிவிட்டது, எண்ணெயும் வற்றிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கிகளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தும், கப்பல்களின் விளக்குகளையெல்லாம் ஏற்றச் சொன்னார் மிட்சர். அப்படியும் எதிரி சுட்டு வீழ்த்தியது சுமார் 20 விமானங்கள், எண்ணெய் தீர்ந்து கடலில் விழுந்தும் தளத்தில் மோதியும் போனவை சுமார் 80. விமானிகளில் பெரும்பாலானவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார்கள். எங்கள் குழுவுக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் இந்தக் கதையைச் சொல்வேன். இருபதுக்கு எண்பது. எந்த விளையாட்டிலாவது இப்படி ஒரு கணக்கு வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு மிட்வேயில் நடந்தது இன்னும் கொடுமை. 1942 ஜூன் 4 காலை. மிட்வே தீவைத் தாக்கப் போன, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானங்கள் தலைக்கு மேல் திரும்பி வந்து நிற்கின்றன. அமெரிக்கத் தாங்கிக் கப்பல் பக்கத்தில் இருக்கிறது என்ற செய்தியும் அதே நேரத்தில் வருகிறது. கையில் இருப்பதை உடனே கிளப்புவதா, வந்தவர்களை முதலில் இறக்குவதா? ஒரே தளத்தில் இரண்டும் சேர்ந்து நடக்காது. நகுமோ இறக்கினார். அடுத்த தாக்குதலுக்கு விமானங்கள் தயாராகிக்கொண்டிருந்தபோதே, பத்தரை மணிக்குச் சற்று முன்னால் அமெரிக்க டைவ் பாம்பர்கள் வந்துவிட்டன. சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் எரிந்தன. அவர் செய்தது சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். விதி எழுதுகிறவனுக்கு அந்தத் தவிப்பே போதும். ஆடுகிறவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

வங்காள விரிகுடாவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1971-ல் பழைய ஐ.என்.எஸ். விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். கப்பலின் வேகம் குறைந்துபோனது. தாங்கிக் கப்பலுக்கு வேகம் என்றால் காற்று. காற்றை எதிர்த்துக் கப்பல் ஓடினால்தான் தளத்தின் மேல் போதிய காற்று வீசும், விமானம் ஏறவும் இறங்கவும் அந்தக் காற்று வேண்டும். சென்னைக் கடற்கரைக்கு அப்பால் கொதிகலனையும் பறத்தலையும் சோதித்துப் பார்த்தார்கள். டிசம்பர் 4 அன்று அதே கப்பலிலிருந்து சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பின்னர் சிட்டகாங். குறைந்த வேகத்தோடு, இருக்கிற காற்றை வைத்து விமானங்களைத் திரும்ப இறக்கிய தளத்துக்காரர்கள் பற்றி நம் ஊரில் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவர்கள்தான் நாயகர்கள்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் ஐ.என்.எஸ். விராட்டின் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விதியில் சிக்கல் வந்தால் தாளைச் சுருட்டிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். அந்த விமானந்தாங்கிக் கப்பலில் அப்போது சீ ஹாரியர் விமானங்கள் இருந்தன. முன்பக்கம் 12 டிகிரி சரிவு ஏறிக் கிளம்பும், திரும்பும்போது கப்பலுக்குப் பக்கத்தில் வந்து அந்தரத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து செங்குத்தாக இறங்கும். அந்தரத்தில் நிற்பதுதான் என்ஜினுக்குப் பெரிய பாரம். எடை கூடுதலாக இருந்தால், அதுவும் நம் கடலின் வெக்கையில், நிற்காது. எய்யாத ஆயுதத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா, கடலில் போட்டுவிட்டு வர வேண்டுமா என்பது கிளம்பும்போதே போட வேண்டிய கணக்கு.

முதல் தடவை என் விதித்தாளைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: “தம்பி, மேல எத்தனை பேர் இருக்காங்கன்னு எழுதியிருக்க. அது யாருக்கு வேணும்? யார்கிட்ட எவ்வளவு எண்ணெய் இருக்கு, அதை எழுது. தளத்துல நிக்கறவனுக்கு அது ஒண்ணுதான் கணக்கு.”

அன்றிலிருந்து எங்கள் ஒவ்வொரு ஃபைட்டர் அட்டையிலும் எரிபொருள் புள்ளிகள் இருக்கின்றன. பென்சிலால் அடித்துக்கொண்டே வர வேண்டும். இதில் நாங்கள் முன்னோடிகள் இல்லை. 1999-ல் வந்த ‘ஹோம்வேர்ல்டு’ கணினி விளையாட்டில் ஃபைட்டர்களுக்கு எரிபொருள் உண்டு. தீர்ந்துகொண்டே வந்தால் தாய்க்கப்பலுக்கோ துணைக்கப்பலுக்கோ போய் நிரப்பிக்கொள்ள வேண்டும். 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆடுவது சுலபமாயிற்று. எனக்கு அது இழப்பாகத்தான் படுகிறது. மேசை மேல் ஆடுகிற ‘ஃபுல் த்ரஸ்ட்’ விளையாட்டில் ஆறு ஆறாகப் போகிற ஃபைட்டர் குழுக்களுக்கும் தாக்குப்பிடிக்கும் அளவு ஒன்று உண்டு. அது எனக்கு மிகவும் உதவிய விதி.

கடலில் காற்று செய்கிற வேலையை விண்வெளியில் திசைவேகம் செய்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்த ஆட்டமும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒரு ஃபைட்டர் தாய்க்கப்பலை விட்டு நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகம் எடுக்க, எரிபொருள் தரக்கூடிய வேகமாற்றத்தில் ஒரு பங்கு செலவு. விண்வெளியில் உராய்வு இல்லை, தானாக நிற்காது. நிற்க இன்னொரு பங்கு. திரும்பி வர வேகம் எடுக்க மூன்றாவது பங்கு. தாய்க்கப்பல் அருகில் வந்து நிற்க நான்காவது. ஆக, நான்கு பங்கு வேகமாற்றம் செய்யக்கூடிய ஒரு கலம், திரும்பி வரவேண்டும் என்றால் ஒரு பங்கு வேகத்தில்தான் போக முடியும். சண்டையில் வளைந்து நெளிவதற்கு அதிலிருந்தும் எடுக்க வேண்டும். அதே திறனுள்ள ஏவுகணை நான்கு பங்கையும் ஒரே திசையில் கொட்டி நான்கு மடங்கு வேகத்தில் போகும். அது திரும்ப வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலர், “அப்படியானால் விண்வெளியில் ஃபைட்டரே வேண்டாமே, ஏவுகணை போதுமே” என்று சொல்லிவிடுவார்கள். நான் அங்கேதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். ஏனென்றால் இந்தக் கணக்கில் தாய்க்கப்பல் சும்மா நிற்கிறது. அது ஏன் சும்மா நிற்க வேண்டும்? ஃபைட்டர்கள் எதிரியைக் கடந்து பறந்து போகட்டும், நிற்க வேண்டாம், திரும்பவும் வேண்டாம். தாய்க்கப்பல் தன் எரிபொருளைச் செலவழித்து, பின்னாலேயே வேகமெடுத்துப் போய், அவர்கள் வேகத்தோடு தன் வேகத்தைப் பொருத்தி அள்ளிக்கொள்ளட்டும். ஃபைட்டருக்கு மூன்று பங்கு மிச்சம். அதைச் சண்டையில் செலவழிக்கலாம். விலை என்ன? தாய்க்கப்பல் எதிரியை நோக்கி வந்தாக வேண்டும், அதுவும் எந்தப் பாதையில் வரும் என்று எதிரிக்கு முன்கூட்டியே தெரியும்படி.

யாருடைய எரிபொருள், யாருடைய ஆபத்து? தாய்க்கப்பல் தளபதி ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைத்துவிட்டால் ஆட்டம் தானாகவே உயிர் பெறும்.

திரை எழுத்தாளர்களில் சிலருக்கு இது புரிந்திருந்தது. ‘பாபிலோன் 5’ தொடரில் நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும், ஃபைட்டரைப் பிடியிலிருந்து விட்டால் போதும், சுழற்சியே அதை வெளியே எறிந்துவிடும். கிளம்பச் செலவே இல்லை. திரும்பி வருகிறவர்களோ நிலையத்தின் அச்சுக்கு நேராக முன்வாசலுக்கு வந்து சேர வேண்டும். 2003-ல் மறுபடி எடுத்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் இறங்குதளங்களை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் கப்பல் விண்வெளியில் இன்னோர் இடத்துக்குத் தாவிப் போக முடியும். கடைசி ஃபைட்டர் வரும்வரை காத்திருப்பதா என்ற பதற்றத்தை அந்த ஒரு இயந்திர அமைப்பிலிருந்தே கறந்துவிட்டார்கள்.

கிளம்புவதைவிடத் திரும்புவதே சிக்கல் என்பது எனக்கு முழுதாக விளங்கியது, எங்கள் பக்கத்துக் கோவளம் கரையில். விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே மீன்பிடி ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கும். அவரவருக்குத் தோதான நேரம், அவசரம் கிடையாது. ஆனால் திரும்பும்போது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வரும், ஏனென்றால் ஏலம் ஒரே நேரத்தில்தான். அலை உடைகிற இடத்துக்கு வெளியே படகுகள் என்ஜினை மெல்ல ஓடவிட்டுக் காத்திருக்கும். பின்னால் நிற்கிறவர் முன்னால் பார்க்க மாட்டார். கழுத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“எப்படிண்ணா தெரியுது, எந்த அலைக்கு அப்புறம் வரணும்னு?” என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“எண்ணக் கூடாது தம்பி. பெருசுங்க வரிசையா வந்து போவும். போனதும் கொஞ்ச நேரம் தண்ணி செத்த மாதிரி கெடக்கும். அதுக்குள்ள ஏறிடணும். யோசிச்சுக்கினே நின்னா அடுத்தது வந்துடும்.”

அவர் சொன்னபடியே ஒரு படகு பெரிய அலையைப் போகவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் முழு வேகத்தில் வந்தது. கரை நெருங்கியதும் என்ஜின்காரர் நீளமான தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். தூக்காவிட்டால் விசிறி மணலில் இடித்து உடையும், சீக்கிரம் தூக்கினாலோ தள்ளுவதற்கு விசை இருக்காது, படகு குறுக்கே திரும்பிவிடும். அடிப்பாகம் மணலில் உரசியது. கரையில் நின்றவர்கள் ஓடிப்போய் விளிம்பைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் இழுத்து மேலே போடும்வரை அடுத்த படகு வெளியே நின்றது. மீன் நிறைந்து தாழ்ந்து வந்த படகுக்கு இன்னும் அதிகமாக இடம் விட்டார்கள். கிளம்பும்போது இடைவெளியை நாம் தீர்மானிக்கலாம். திரும்பும்போது அது நம் கையில் இல்லை. அன்று மாலையே அலுவலகத்தில் மீட்பு விதியை, அதாவது ஃபைட்டர்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் விதியை, முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

இப்போது விதி இப்படி. மீட்கப் போகும் தாய்க்கப்பல் ஒரு முறைக்கு (ஒரு சுற்று ஆட்டத்துக்கு) முன்பே வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அந்த முறை அது வேகத்தையும் மாற்றக் கூடாது, திசையையும் மாற்றக் கூடாது. ஒரு வாசலில் ஒரு முறைக்கு ஒரு ஃபைட்டர். வேகம் பொருந்தாமல் வருகிறவர் வாசலைத் தவறவிட்டு விலகிப் போவார். கடலிலும் தளத்தின் குறுக்கே கட்டிய தடுப்புக் கம்பியைப் பிடிக்காவிட்டால் மறுபடி எழும்பத் தயாராக, விமானி தளத்தைத் தொட்டதுமே என்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளிவிடுவார். அடிபட்ட ஃபைட்டர் வாசலிலேயே சிக்கிக்கொள்ளலாம். சிக்கினால் அந்த வாசல் அடைபட்டது. எய்யாத ஏவுகணையோடு வந்தால் நிற்பதற்குக் கூடுதல் புள்ளி செலவாகும்.

ஒரு சோதனை ஆட்டத்தைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் தாய்க்கப்பல் ஆடுவதில் கெட்டிக்காரியான ஒரு பெண், ஆறு ஃபைட்டர்களை வெளியே அனுப்பியிருந்தாள். எதிரியின் குரூசர் ஒன்றை முடித்தாகிவிட்டது. அட்டைகளைப் பார்த்தால் இரண்டு பேரிடம் ஒரே ஒரு புள்ளி. மற்ற நால்வரில் ஒருவன் அடிபட்டவன், அவனிடம் புள்ளி நிறைய இருந்தது. வாசல்கள் இரண்டு. “மீட்பு” என்று அறிவித்தாள். எதிரில் ஆடியவர் உடனே தன் இரண்டாவது குரூசரை அவள் கோட்டுக்கு நேராகத் திருப்பினார். மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

முதல் முறை ஒரு புள்ளிக்காரர்கள் இருவரையும் ஏற்றினாள். அடுத்த முறையும் நேராகவே போனாள். குரூசர் சுட்டது. கவசம் கிழிந்து ஒரு வாசல் மூடிக்கொண்டது. மிச்ச வாசலில் இன்னொருவன் ஏறினான். வெளியே மூன்று பேர், அடிபட்டவனும் சேர்த்து. அவனை முதலில் ஏற்றினால் வாசல் அடைபடலாம். கடைசியில் ஏற்றினால் அதுவரை தாய்க்கப்பல் பிழைத்திருக்க வேண்டும். அவள் பொத்தான்களைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். முடிவில் அடிபட்டவனையும் இன்னொருவனையும் பக்கத்தில் இருந்த துணைக்கப்பலின் வேகத்தோடு பொருந்தச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒருவனை மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பினாள். துணைக்கப்பலில் வாசலே கிடையாது. விமானிகளை வெளியே குதிக்க வைத்துக் கயிற்றில் இழுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்படி ஒரு விதி அன்றுவரை இல்லை. அங்கேயே எழுதினோம். கலம் இரண்டு போயிற்று, ஆட்கள் பிழைத்தார்கள். பிலிப்பைன்ஸ் கடலில் நடந்ததும் அதுதானே.

முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தபோது, மீட்பு நேரம் ஆட்டத்தை இழுக்கிறது, எடுத்துவிடு என்று மேலிடம் சொன்னது. ஆடுகிறவர்கள் பொறுமை இழப்பார்களாம். எடுத்துவிட்டார்கள். அந்த விளையாட்டில் யாரும் ஒரு ஃபைட்டருக்காகக் கண நேரம்கூட யோசித்து நான் பார்த்ததில்லை. இந்த மேசையில் ஆறு சட்டைப் பொத்தான்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மீட்பை நீட்டுகிறேன் என்று குறை சொல்கிறவர்களுக்கு இஸ்ரோவின் விண்கல இணைப்புச் சோதனையான ஸ்பேடெக்ஸைக் காட்டுவேன். 2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் இரண்டு சின்னச் செயற்கைக்கோள்களோடு கிளம்பியது. ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ. சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர நிமிடக் கணக்கு. ஒன்றோடொன்று இணைந்தது ஜனவரி 16 அன்று. இடையில் இரண்டு முறை தள்ளிப் போட்டார்கள். ஜனவரி 12 அன்று 15 மீட்டர் வரை, பிறகு 3 மீட்டர் வரை நெருங்கிப் பார்த்துவிட்டு மறுபடி விலகிப் போனார்கள். கடைசி நெருக்கத்தில் வேகம் நொடிக்குச் சுமார் 10 மில்லிமீட்டர். சுடுவதற்கு யாரும் இல்லாத வானத்தில் இவ்வளவு பொறுமை. எங்கள் விளையாட்டில் இதை இரண்டு மூன்று முறைக்குள் முடிக்க விடுகிறோம். தாராளம்தான்.

இப்போது குழுவில் நடக்கிற சண்டை ஆளில்லா ஃபைட்டர் பற்றியது. உள்ளே ஆளே இல்லையென்றால் எதற்குத் திரும்ப வேண்டும், விட்டுவிடலாமே என்கிறார்கள் இளையவர்கள். விட்டுவிட்டால் அது ஏவுகணை, அதற்கான விதிகள் வேறு பக்கத்தில் இருக்கின்றன என்பது என் பதில். ஆனால் அவர்கள் கேள்வி நியாயமானது, தட்டிக்கழிக்க முடியாது. அதனால் தொடர் படையெடுப்பு ஆட்டத்துக்கு ஒரு விதி எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்: தாய்க்கப்பல் ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது, பின்னால் தொழிற்சாலை இல்லை, உதிரிபாகம் வராது. தொலைத்த ஒவ்வொரு ஆளில்லாக் கலமும் அடுத்த சண்டையில் குறையும், மீட்ட ஒவ்வொன்றிலிருந்தும் இன்னொன்றைப் பழுது பார்க்கலாம். எத்தனை சண்டைக்கு ஒரு முறை உதிரிபாகக் கப்பல் வந்து சேரலாம் என்பதில்தான் இன்னும் ஒத்து வரவில்லை. நான்கு என்கிறேன் நான். இரண்டு போதும் என்கிறாள் தாய்க்கப்பல் ஆடுகிறவள். வெள்ளிக்கிழமை இரண்டையும் ஆடிப் பார்க்கிறோம்.